கரையான்சாவடிக்கு நேர் தெற்கே பலாலி

"தம்பி, மீனம்பாக்கத்தில இருந்து பலாலிக்கு எத்தினை கட்டை வரும்?"

எங்க பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் கேட்ட கேள்வி இது. யாழ்ப்பாணத்தில் மைலுக்குக் கட்டை என்று பெயர். மைல்கல் இங்கே கல், அங்கே கட்டை. அக்காவின் ஊர் மயிலிட்டி. 1981-ல் கல்யாணம் ஆனதும் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, ரயிலில் சென்னை வந்தவர். கணவருக்கு ஆவடியில் வேலை. அன்றிலிருந்து ஆவடி ரோடு வந்து சேரும் இந்தக் கரையான்சாவடிதான் அவருக்கு ஊர். ஆனாலும் தூரத்தை இன்னும் கட்டையில்தான் கேட்பார்.

நான் போனில் தட்டிப் பார்த்துவிட்டு 220 கட்டை என்றேன்.

"அவ்வளவுதானோ? பிறகேன் எனக்கு ரெண்டு நாள் எடுத்தது?"

இந்தப் பதிவு அந்த இரண்டாவது கேள்விக்காக எழுதுவது. முதல் கேள்விக்கு விடை பத்து வரி நிரலில் வந்துவிடும். இரண்டாவது அப்படி வரவில்லை.

சரி, முதலில் தூரம். சென்னை விமான நிலையம் வடக்கு அட்சம் 12 டிகிரி 59 கலை. பலாலி, அதாவது இன்றைய யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம், 9 டிகிரி 47 கலை. (ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை.) வித்தியாசம் 3 டிகிரி 12 கலை, அதாவது 192 கலை. மாலுமிகளும் விமானிகளும் இன்றைக்கும் கடல் மைலில் கணக்குப் போடுவது ஏன் என்று இந்த இடத்தில் புரிந்துவிடும். அட்சத்தில் ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல்; அந்த அளவே அப்படிப் பிறந்ததுதான். ஆக 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1852 மீட்டர், பெருக்கினால் 355.6 கி.மீ.

ஆனால் என் நிரல் 354 என்கிறது. ஒன்றரை கிலோமீட்டர் எங்கே போனது? பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு கலையின் நீளம் 1852 இல்லை, சுமார் 1843 மீட்டர். 192-ஐ 1843-ஆல் பெருக்கிப் பாருங்க, 354 வந்துவிடும். எனக்கு இந்த மாதிரி மீதிக் கணக்கு ஒட்டிக்கொள்ளும்போதுதான் தூக்கம் வரும்.

கிழக்கு மேற்காக எவ்வளவு நகர வேண்டும்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சென்னை விமான நிலையத்தின் தீர்க்கம் 80.17, பலாலி 80.07. பத்துப் பதினோரு கிலோமீட்டர் மேற்கே தள்ளினால் சரி. இதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியாமல் எங்க கரையான்சாவடியின் தீர்க்கத்தைப் பார்த்தேன். 80.1-ஐ ஒட்டி. அதாவது என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெற்கே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு இழுத்தால், குன்றத்தூரைத் தொட்டு, திருக்கழுக்குன்றம் பக்கமாகப் போய், கல்பாக்கத்துக்கும் ஆலம்பரைக் கோட்டைக்கும் நடுவில் எங்கோ கடலில் இறங்கும். அதன் பிறகு தண்ணீர்தான். புதுச்சேரி, நாகப்பட்டினம், கோடியக்கரை எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேற்கே தங்கிவிடும். மறுபடி தரை தட்டும் இடம் மயிலிட்டிக் கடற்கரைப் பக்கம், மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னே பின்னே. இரண்டு ஊரிலும் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் பத்து விநாடி வித்தியாசம்கூட இல்லை. நாற்பது வருஷமாக அக்காவின் வீட்டு வாசல் தெற்குப் பார்த்த வாசல். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இங்கே என் தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தூரம் கணக்கிடும் நிரல் எழுதும்போது புதியவர்கள் செய்யும் தப்பு, அட்ச டிகிரியையும் தீர்க்க டிகிரியையும் ஒரே நீளம் என்று எடுத்துக்கொள்வது. அட்ச டிகிரி எங்கே போனாலும் ஏறக்குறைய 111 கி.மீ. தீர்க்க டிகிரி வடக்கே போகப் போகச் சுருங்கும்; துருவத்தில் பூச்சியம். அட்சத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். இந்தத் தப்போடு எழுதிய நிரலை சென்னை–பலாலி வைத்துச் சோதித்தால் பாஸ் ஆகிவிடும். பயணம் வடக்கு தெற்காக இருப்பதால் தப்பு வெளியே தெரியாது. அதே நிரலை ஸ்ரீநகர்–லே விமான நிலையங்களுக்கு ஓட்டுங்க. இரண்டும் 34 டிகிரிக்கு மேலே கீழே, நடுவில் கிழக்காக 2.77 டிகிரி. கொசைனை மறந்த நிரல் 308 கி.மீ. என்று சொல்லும். உண்மை 257. அங்கே சாலையில் போனால் ஸோஜி லா கணவாய் ஏறி இறங்கி 420 கி.மீ., பெரும்பாலும் இரண்டு நாள். சோதனைக்கு எடுக்கும் ஊரைப் பார்த்து எடுக்கணும் என்பது நான் ஒரு தடவை அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

இனி நேரம். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல தளங்கள் செய்வது எளிய கணக்கு: தூரத்தை மணிக்கு 800 கி.மீ.யால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்ப்பது. 354-க்கு அது 57 நிமிடம் தரும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் 800 என்பது ஜெட் வேகம். பலாலிக்கு சென்னையிலிருந்து போவது ஏடிஆர் 72, இரண்டு புரொப்பெல்லர், எழுபது எழுபத்தெட்டு இருக்கை. அதன் முழு வேகமே மணிக்கு சுமார் 510 கி.மீ.

354-ஐ 510-ஆல் வகுத்தால் 42 நிமிடம். அட்டவணையில் போட்டிருப்பது ஏறக்குறைய ஒண்ணேகால் மணி நேரம். பாக்கி எங்கே போகுது? மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தெற்கே போக வேண்டிய விமானம் கிழக்கே அல்லது மேற்கே கிளம்பித்தான் திரும்ப முடியும். உயரம் ஏறும்போது வேகம் 510 கிடையாது, 300 பக்கம் இருக்கும். இறங்கும்போது கடைசியில் 200 பக்கம். ஏடிஆர் 25,000 அடி வரை ஏறக்கூடியது, ஆனால் இந்தச் சின்னப் பயணத்துக்கு அவ்வளவு ஏறினால் ஏறியதும் இறங்க வேண்டியதுதான். இதோடு தரையில் உருளும் நேரம் இரண்டு பக்கமும் சேரும். விமானக் கம்பெனி சொல்லும் பயண நேரம், கதவை மூடி நகர ஆரம்பித்ததிலிருந்து அங்கே போய் நிற்பது வரை. அதனால் 42 என்பது 75 ஆகிறது. எதிர்க்காற்று 20 நாட் வேகத்தில் அடித்தாலும் மூன்று நாலு நிமிடம்தான் கூடும். இந்தத் தூரத்தில் காற்றைவிட வரிசையில் நிற்பது பெரிய விஷயம்.

ஒரு வேடிக்கை. 1947 டிசம்பர் 10-ம் தேதி ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டது. கொழும்பு ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில், இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு. டகோட்டா என்கிற டிசி–3 விமானம். அதன் வேகம் மணிக்கு 330 கி.மீ. அளவு, 354 கி.மீ.க்கு 64 நிமிடம். எழுபத்தைந்து வருஷத்தில் எஞ்சின் மிச்சப்படுத்திக் கொடுத்தது 22 நிமிடம். ஒரு நாட்டின் தேசிய விமான நிறுவனத்தின் முதல் பயணமே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு என்பதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

அக்காவின் இரண்டு நாளுக்கு வருவோம்.

2022 ஜூலை. இலங்கையில் பெட்ரோல் டீசல் இல்லாமல் பங்க் வாசலில் நாள் கணக்காக வண்டிகள் நின்ற மாதம். உடுவிலில் இருந்த அண்ணன் இறந்துவிட்டார் என்று சாயங்காலம் போன் வந்தது. கொரோனாவில், 2020 மார்ச்சில், நின்ற சென்னை–யாழ்ப்பாணம் விமானம் அப்போது இன்னும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. கொழும்பு விமானம்தான் வழி. மறுநாள் ராத்திரி டிக்கெட் கிடைத்தது. விடியும் முன்னே கட்டுநாயக்காவில் இறங்கினார். அங்கிருந்து கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்குப் போக வண்டி இல்லை. வண்டி இருந்தவரிடம் எண்ணெய் இல்லை. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது காலை ரயில் போய்விட்டது. ராத்திரி ரயிலைப் பிடித்து மறுநாள் காலையில் யாழ்ப்பாணம். வாசலில் ஆட்டோ ஏறியது முதல் உடுவில் போய்ச் சேரும் வரை 33 மணி நேரம். தகனம் முதல் நாளே முடிந்திருந்தது. சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தும் ஆகிவிட்டது. எட்டுச்செலவுக்கு மட்டும் இருந்துவிட்டு வந்தார்.

354-ஐ 33-ஆல் வகுத்தால் மணிக்குப் பதினோரு கிலோமீட்டர்கூட வரவில்லை. சைக்கிள் வேகம்.

எண்ணெய்த் தட்டுப்பாடு ஒரு பக்கம். அது இல்லாத காலத்திலும் கொழும்பு வழிப் பயணம் முழுசாக ஒரு நாளைத் தின்றுவிடும். கட்டுநாயக்காவுக்கு 644 கி.மீ. பறந்து, அங்கிருந்து சாலையிலோ ரயிலிலோ 350 கி.மீ.க்கு மேல் வடக்கே திரும்பி வர வேண்டும். மொத்தம் ஆயிரம் கி.மீ., மூன்று மடங்கு.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. சென்னைக்கும் கட்டுநாயக்காவுக்கும் நடுவே மிகக் குறுகிய கோடு எந்த எந்த ஊருக்கு மேலே போகிறது என்று நிரலை ஓட்டிப் பார்த்தேன். 9.67 அட்சத்தில் அந்தக் கோட்டின் தீர்க்கம் 80.01. வரைபடத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்தால் யாழ்ப்பாணம் டவுன். தப்போ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். தப்பில்லை. விமானங்கள் வான்வழிகளில் வளைந்து போகும், கோட்டின் மேலேயே பறக்காது என்பது வேறு விஷயம். ஆனால் கணக்குப்படி, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற யாழ்ப்பாணத்துக்காரர் சொந்த ஊரின் தலைக்கு மேலே கடந்து, 275 கி.மீ. தெற்கே போய் இறங்கி, வந்த வழியே தரையில் திரும்ப வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் இதுதான் நடந்தது.

ஏன்னு கேட்டால் பலாலியின் கதையைச் சொல்லணும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்து சிவில் விமானங்கள் வந்தன. பிறகு உள்நாட்டுப் போரில் ராணுவத்தின் பெரிய தளமாகிவிட்டது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்களின் சனம் 1990-ல் இடம்பெயர்ந்தது. ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அக்காவின் மயிலிட்டியும் அதில் ஒன்று. அண்ணன் உடுவிலுக்குப் போனது அப்படித்தான். ஏ9 சாலை அடைபட்ட வருஷங்களில் யாழ்ப்பாணத்தார் கொழும்பு போக மிஞ்சிய வழி கப்பல், இல்லாவிட்டால் பலாலி–ரத்மலானை விமானம். 1998 செப்டம்பர் 29-ல் பலாலியில் கிளம்பிய லயன் ஏர் அன்டனோவ் விமானம் மன்னார்ப் பக்கம் கடலில் காணாமல் போனது. பயணிகள், ஊழியர் சேர்த்து 55 பேர். அதன் பாகங்களைக் கடலடியில் கண்டுபிடித்தது 2012-ல்.

நேரக் கணக்கிலும் அந்தக் காலம் ஒரு வினோதத்தை விட்டுப் போயிருக்கு. இன்றைக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே. ஆனால் 1996 மே மாதம் இலங்கை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது, அதே வருஷம் அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழையபடி வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே 2002-ல் ஏ9 திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போனவர் வழியில் கடிகாரத்தை இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. கணினிகள் நம்பியிருக்கும் நேர வலயத் தரவில் கொழும்பு என்ற பெயருக்குக் கீழே இந்த மாற்றங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். கிளிநொச்சிக்குத் தனி வரி இல்லை.

2019 அக்டோபர் 17-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து ஒரு அலையன்ஸ் ஏர் விமானம் போய் இறங்கியது. நவம்பர் 11 முதல் வாரத்துக்கு மூன்று நாள் சேவை. நாலு மாதத்தில் கொரோனா. மறுபடி ஆரம்பித்தது 2022 டிசம்பர் 12. அக்காவின் அண்ணன் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் பறக்கிறது.

இந்த வருஷம் தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அக்கா முதல் தடவையாக நேர் விமானத்தில் போனார். என் தொல்லை தாங்காமல் ஒவ்வொரு கட்டத்திலும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டார். அதை வைத்துப் போட்ட கணக்கு இது. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் 1 மணி 10 நிமிடம். தூரம் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான், மெட்ரோ வேலையும் போரூர் சிக்னலும் உங்களுக்குத் தெரியாததா? விமான நிலையத்துக்குள் 3 மணி. கதவு மூடியதிலிருந்து பலாலியில் கதவு திறக்க 72 நிமிடம், அதில் காற்றில் இருந்தது 52. குடிவரவு அதிகாரி, பெட்டி எல்லாம் 35 நிமிடம். காரில் உடுவில் 25 நிமிடம். மொத்தம் 6 மணி 22 நிமிடம்.

33 மணி எங்கே, ஆறேகால் மணி எங்கே. இதில் விமானம் பறந்தது ஏழில் ஒரு பங்குதான். இந்தப் பயணத்தை இன்னும் சுருக்கணும்னா வேகமான விமானம் வாங்க வேண்டியதில்லை. மூன்று மணிக்கு முன்னே வா என்பதை எழுபது பேர் விமானத்துக்கு ஒன்றரை மணியாக்கினால் போதும். ஜெட் விட்டாலும் அவ்வளவு மிச்சமாகாது. இது என் கருத்து. பாதுகாப்பு ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்கா அனுப்பிய செய்திகளில் ஒன்றை மட்டும் நேரக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. "இறங்கேக்க எங்கட ஊர்ப் பனையெல்லாம் தெரிஞ்சது. வீடு எதெண்டு விளங்கேல்ல." மயிலிட்டித் துறைமுகப் பகுதியை 2017-ல் விடுவித்தார்கள். அவர் பிறந்த வீடு இருந்த காணி அதில் வரவில்லை, இன்னும் வேலிக்கு உள்ளேதான். ஓடுபாதையிலிருந்து அந்தக் காணிக்கு நடந்தே போகலாம் என்கிறார். விமானம் நின்ற இடத்திலிருந்து அவரைப் பேருந்தில் ஏற்றி, முனையத்துக்குக் கொண்டுபோய், முத்திரை குத்தி, வேறு வாசல் வழியாகத் தெற்கே அனுப்பினார்கள்.

ஆடியில் அண்ணன் திவசத்துக்கு மறுபடி போகப் போகிறார். இந்தத் தடவை பெட்டி கனம். கல்யாணத்துக்கு எடுத்துப்போன புடவையையே ஏடிஆரில் எடை பார்த்து எடை பார்த்து வைத்தோம். "தம்பி, நாகப்பட்டினம் கப்பல் எப்பிடி?" என்று நேற்று கேட்டார். நாகை–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் ஆரம்பித்து உடனே நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் ஓடுகிறது. கடலில் 110 கி.மீ. பக்கம், நாலு மணி நேரம். ஆனால் இங்கிருந்து நாகை போகவே ஒரு ராத்திரி பஸ். இன்னொரு வழி, திருச்சியிலிருந்து 2025 மார்ச் 30-ல் ஆரம்பித்த யாழ்ப்பாண விமானம். வான்தூரம் 184 கி.மீ.தான். திருச்சிக்கு ரயிலில் அஞ்சு மணி.

மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கேன். கப்பலில் போனால் பெட்டி விஷயம் தீரும், முழங்கால் வலிக்கு ராத்திரி பஸ் ஆகாது. யோசிச்சுச் சொல்றன் என்றார்.